அண்ணனுக்கு மூன்று முறை, தம்பிக்கு ஒருமுறைகூட இல்லை: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மலேரியா நிகழ்வு ஆய்வு

“ஒரே வயித்துல பொறந்ததுங்க டாக்டரம்மா. ஒரே வூட்டுல கெடக்குதுங்க. இவனை மட்டும் கொசு ஏன் தேடித் தேடிக் கடிக்குது?”

பிப்ரவரி மாத மாலை ஒன்றில் அந்த அம்மா கேட்ட கேள்வி இது. பக்கத்தில் பெரிய மகன் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த சின்ன மகன் வாசல் நிலையில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் சாயங்காலம் மட்டும் திறக்கிற என் கிளினிக்குக்கு மலேரியா புதிதில்லை. கேள்விதான் புதிது. அதற்குப் பதில் தேடப்போய் நான் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்து சேர்ந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வந்தவர்

பெரியவருக்கு வயது 32. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை. விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் மாலை ஏழு மணிக்கெல்லாம் கீழ் அறையில், ஃபேனுக்கு நேர் கீழே, படுத்துவிடுவார். சின்னவருக்கு 27. பகலில் மெக்கானிக் ஷாப், இரவில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூக்கம். கொசுக்கடியை வைத்துக் கணக்குப் போட்டால் காய்ச்சல் வந்திருக்க வேண்டியவர் சின்னவர். அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது.

பெரியவருக்கு முதல் காய்ச்சல் அக்டோபரில். அப்போது என்னிடம்தான் வந்தார். ரத்தத்தில் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். சென்னையில் பெரும்பாலும் பார்ப்பது அந்த இனத்தைத்தான். குளோரோகுயின் நாலு, நாலு, ரெண்டு என்று மூன்று நாள்; கூடவே பிரைமாகுயின் தினம் 15 மில்லிகிராம், பதினான்கு நாள். ‘சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்’ என்று ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான், அனுப்பிவிட்டேன். அவர் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். காய்ச்சல் போய்விட்டது, வயிறு எரிகிறது, அப்புறம் எதற்கு மாத்திரை? வெறும் வயிற்றில் போட்டால் பிரைமாகுயின் எரியத்தான் செய்யும். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

இரண்டாவது காய்ச்சல் டிசம்பர் கடைசியில். இந்த முறை டாக்டரே வேண்டாம் என்று தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டியிருக்கிறார். குளோரோகுயினும் ஐந்து நாள் பிரைமாகுயினும் கொடுத்தார்களாம். ஐந்து நாள் கணக்கு ஒரு காலத்தில் நம் நாட்டுத் திட்டத்திலேயே இருந்ததுதான். திட்டம் பதினான்குக்கு மாறிப் பல வருடம் ஆகியும் சில கடைகளில் அந்தப் பழக்கம் போகவில்லை.

மூன்றாவது, இப்போது. பாட்டி காலத்தில் முறைக்காய்ச்சல் என்பார்களே, அதே சுபாவம்: ஒரு நாள் குளிர் எடுத்து, பல் தந்தியடித்து, 103 வரை ஏறி, வேர்த்துக் கொட்டி இறங்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போவார், அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். விலாவுக்குக் கீழே மண்ணீரல் விரலில் தட்டியது. ஹீமோகுளோபின் 11.2, தட்டணுக்கள் 88,000. ஸ்லைடில் சந்தேகத்துக்கே இடமில்லை: ஊதிப் பெருத்த சிவப்பணுக்கள், அவற்றுக்குள் தூவிவிட்டாற்போலப் பொடிப் புள்ளிகள், நடுவே கலைந்த மோதிரமாக ஒட்டுண்ணி.

அம்மாவிடம் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினேன். மூன்று காய்ச்சல் என்றால் மூன்று கடி என்று அர்த்தமில்லை. வைவாக்ஸுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. கொசு கடித்து உள்ளே போனதில் ஒரு பங்கு கல்லீரலில் படுத்துத் தூங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து ரத்தத்துக்கு வரும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். தூங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் வேண்டும், பதினான்கு நாளும் விடாமல் வேண்டும். ஆக, பெரியவரின் மூன்று காய்ச்சலும் அக்டோபருக்கு முன் கடித்த ஒரே கொசுவின் வேலையாக இருந்திருக்கலாம். புதிதாகத் தொற்றியிருக்கவும் கூடும். காய்ச்சலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது.

அந்த அம்மா விடவில்லை. “சரி, ஒரு கடியாவே இருக்கட்டும். அந்த ஒண்ணு ஏன் சின்னவனுக்கு வரல?”

தம்பியின் ஸ்லைடு

ஒரு வீட்டில் மலேரியா என்றால் எல்லோருக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஸ்லைடில் தடிப்பாகத் தடவிய சின்னவரின் ரத்தப் படலத்தை லேபில் வேலை செய்கிற பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “மேடம், இங்க வாங்களேன்” என்றார். மைக்ராஸ்கோப் வழியே நானும் தேடினேன். பார்வை வட்டத்தை நகர்த்தி நகர்த்தி, முப்பதாவதோ நாற்பதாவதோ வட்டத்தில் ஒன்று கிடைத்தது. அப்புறம் நெடுநேரம் கழித்து இன்னொன்று. அதே வைவாக்ஸ். அண்ணன் ரத்தத்தில் வட்டத்துக்கு இரண்டு மூன்று என்று மிதந்தது இவரிடம் ஊசியைத் தேடுகிற மாதிரி இருந்தது.

“உடம்பு ஏதாவது பண்ணுச்சா?”

“ஒண்ணும் இல்ல மேடம். போன வாரம் ரெண்டு நாள் உடம்பு வலி. வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன்.”

அம்மாவின் கேள்வியே இதில் மாறிப்போயிற்று. கொசு இருவரையும் கடித்திருக்கிறது, ஒட்டுண்ணி இருவருக்குள்ளும் போயிருக்கிறது. ஒருவருக்குக் குளிர் ஜுரம், மற்றவருக்கு உடம்பு வலி. ‘மலேரியா யாருக்கு வரும்’ என்று நாம் ஒரே மூச்சில் கேட்பதற்குள் நாலு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: கொசு கடிக்கிறதா, கடித்தது தங்குகிறதா, தங்கியது பெருகுகிறதா, பெருகியது காய்ச்சலாகிறதா. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மரபணு கை வைக்கிறது. முதல் கேள்வியில் மரபணுவைவிட மாடித் தொட்டி பெரிய ஆள்.

ஒரே வயிறு என்றால் ஒரே எதிர்ப்பு சக்தியா?

உடன்பிறந்தவர்களுக்கு ஒரே ரத்தம் என்பது நம் பேச்சில் ஊறிப்போன எண்ணம். நோயெதிர்ப்பு மரபணுக்களைப் பொறுத்தவரை அது சீட்டுக் குலுக்கல். ஆறாம் குரோமோசோமில் எச்எல்ஏ என்றொரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. இந்த மரபணுக்கள் செய்யும் மூலக்கூறுகளின் வேலை, காசிமேட்டு ஏலத்தில் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பதுபோல, செல்லுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை எடுத்து வெளியே தூக்கிக் காட்டுவது. டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அதைப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று முடிவு செய்யும். கைக்குக் கை பிடி வேறு. ஒரு வகை எச்எல்ஏ ஒட்டுண்ணியின் ஒரு துண்டைக் கச்சிதமாகப் பிடிக்கும். இன்னொரு வகையின் கையிலிருந்து அது வழுக்கிவிடும்.

இந்தக் கூட்டம் பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் பிள்ளைக்குப் போகும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு, பிள்ளைக்கு ஆளுக்கொன்று. அதனால் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கட்டும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு கட்டு மட்டும் ஒத்துப்போக நாலில் இரண்டு. ஒன்றுகூட ஒத்துப்போகாமல் இருக்க நாலில் ஒன்று. எலும்பு மஜ்ஜை தானத்துக்கு உடன்பிறந்தவரைச் சோதித்துவிட்டு ‘பொருந்தவில்லை’ என்று டாக்டர் சொல்லும்போது குடும்பமே திகைத்து நிற்பது இதனால்தான். எதிர்ப்பு விஷயத்தில் கூடப்பிறந்தவர் அடுத்த தெருக்காரராகவும் இருக்கலாம்.

இந்த அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவிலும் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதியாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பதினாறில் ஒன்று. எச்எல்ஏவில் அப்படி நேர்ந்தால் ஏலத்தில் தூக்கிக் காட்டும் கைகளின் வகை குறைகிறது. சொந்தத்தில் கட்டுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டிலேயே இரண்டு தலைமுறை அப்படித்தான். கணக்கு மட்டும் அப்படி.

எச்எல்ஏவுக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள உறவு நம் மண்ணிலும் தேடப்பட்டதுதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் குழு எச்எல்ஏ-டிஆர்2 வகையைக் காசநோயோடு சேர்த்துப் பார்த்தது. மலேரியாவில் பெயர்பெற்ற ஆய்வு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்தது. 1991இல் ஏட்ரியன் ஹில் குழு, எச்எல்ஏ-பி53 உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவு என்று காட்டியது. அடுத்த வருடமே காரணத்தையும் கொஞ்சம் பிடித்தார்கள்: ஒட்டுண்ணி கல்லீரலில் இருக்கும்போது செய்கிற ஒரு புரதத்தின் துண்டை பி53 தூக்கிக் காட்டுகிறது. கல்லீரலிலேயே மாட்டிவிட்டால் ரத்தத்துக்கு வரும் கூட்டம் குறையும். படிக்கும்போது ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் மற்ற நாடுகளில் தேடியபோது அதே பலம் திரும்பக் கிடைக்கவில்லை. ஒட்டுண்ணியும் ஊருக்கு ஊர் தன் புரதத்தை மாற்றிக்கொள்கிறது. பி53 வகையே ஆப்பிரிக்காவை விட்டு வெளியே அரிது.

காய்ச்சலை நேரடியாகத் தொடுவது டிஎன்எஃப் என்னும் புரதம். சிவப்பணுக்கள் ஒரே சமயத்தில் வெடித்து ஒட்டுண்ணிகள் வெளியே கொட்டும்போது நம் வெள்ளையணுக்கள் இதைச் சுரக்கின்றன. குளிரும் நடுக்கமும் அதன் விளைவு. கொழும்பில் ஆய்வாளர்கள் நதீரா கருணாவீரவும் கமினி மெண்டிஸும் வைவாக்ஸ் நோயாளிகளிடம் இதை மணிக்கணக்கில் தொடர்ந்து அளந்தார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வில் டிஎன்எஃப் ஏறுவதும் உடல் சூடு ஏறுவதும் கைகோத்துப் போயின, டிஎன்எஃப் சற்று முன்னால். (அதே இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிவிட்டது. நாம் இன்னும் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.) இந்த டிஎன்எஃப் மரபணுவின் வாசலில், 308 என்று எண்ணிட்ட இடத்தில், ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். அந்த மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்த காம்பியக் குழந்தைகள் மூளை மலேரியாவில் இறக்கவோ நிரந்தர நரம்புப் பாதிப்புக்கு ஆளாகவோ ஏழு மடங்கு வாய்ப்பு என்று 1994இல் ஒரு ஆய்வு சொன்னது. எதிர்ப்பு அதிகமானால் நல்லது என்று நாம் நினைக்கிறோம். இங்கே எதிர்ப்பின் வேகமே ஆளைச் சாய்த்தது.

இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். எதிர்ப்பொருளைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளில் ஒன்றின் மாறுபாடு, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்கு இழுக்கும், ஆனால் மலேரியாவிலிருந்து காக்கும் என்பார்கள். கிருமியின் வாசனை பிடிக்கும் டோல் ஏற்பிகளின் கீழே வேலை செய்யும் டைராப் என்ற புரதத்தில் ஒரு பிரதி மாறியிருந்தால் நல்லது என்று 2007இல் வந்தது. ஒவ்வொரு கட்டுரையும் தனியாகப் படிக்கும்போது நம்பும்படித்தான் இருக்கிறது.

பிறகு மலேரியாஜென் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியாவில் 12 இடங்களிலிருந்து ஃபால்சிபாரம் என்னும், வைவாக்ஸைவிட ஆபத்தான மலேரியா இனத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 11,890 நோயாளிகள், ஒப்பிட 17,441 பேர். ஏற்கெனவே பெயர் வாங்கிய 27 மரபணு இடங்களைச் சோதித்தார்கள். ஐந்து தேறின, 22 தேறவில்லை. தேறிய ஐந்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, ஏடிபி2பி4, ஜி6பிடி ஆகிய நாலும் சிவப்பணு சம்பந்தப்பட்டவை. நோயெதிர்ப்புக்கு நேரடியாக உரியது சிடி40 லிகண்ட் ஒன்றுதான். அதுவும் இடத்துக்கு இடம் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

அதற்காக நோயெதிர்ப்பு மரபணுவை ஓரங்கட்டிவிட முடியாது. கென்யாவின் கிலிஃபியில் 2005இல் வெளியான குடும்ப ஆய்வில், யாருக்கு எத்தனை முறை மலேரியா என்பதன் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு பரம்பரையால் வந்தது. மலேரியாவைத் தடுப்பதில் புகழ்பெற்ற அரிவாள் செல் மரபணு அதில் சிறு துளிதான். மிச்சம், சிறிய சிறிய பலம் கொண்ட பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு கால் பங்கு எதிலிருந்து வந்தது தெரியுமா? வீடு. ஒரே குடும்பத்துக்கு ஒரே கூரை என்கிற வீடு. இதைப் படித்த நாளிலிருந்து மலேரியா நோயாளியின் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி விசாரிக்காமல் சீட்டு எழுதுவதில்லை.

சின்னவர் போனில் எனக்கு ஒரு விளம்பரத்தைக் காட்டினார். ‘உங்கள் இம்யூனிட்டி ஜீனை அறிந்துகொள்ளுங்கள்’, சில ஆயிரம் ரூபாய். “எடுத்துடலாமா மேடம்?” வேண்டாம் என்றேன். எச்எல்ஏ என்னவென்று தெரிந்தாலும் டிஎன்எஃப் எழுத்து என்னவென்று தெரிந்தாலும் நான் எழுதும் மாத்திரையில் ஒரு மில்லிகிராம்கூட மாறாது. மாற்றக்கூடியது ஒரே ஒரு சோதனை. அதை நான் அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டும்.

விசாரித்ததில் கிடைத்த இன்னொரு நூல்

அதற்குமுன் அம்மாவிடம் பழைய கதை கேட்டேன். சின்னவருக்கு ஐந்தாறு வயதில் வியாசர்பாடியில் குடியிருந்தபோது விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல் வந்ததாம், ரத்தம் எடுத்து மலேரியா என்றார்களாம். பெரியவர் அந்த வருடங்களில் பொன்னேரிப் பக்கம் பாட்டி வீட்டில் படித்துக்கொண்டிருந்தார். ஆக, தம்பியின் உடம்புக்கு இந்த ஒட்டுண்ணியோடு பழைய பரிச்சயம் உண்டு. இருபது வருடத்துக்கு முந்திய பழக்கம் இன்றும் காய்ச்சலை அடக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் மரபணுவைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் மறப்பது இதைத்தான்: பிறப்பில் வந்த எதிர்ப்பு ஒன்று, பட்டு வந்த எதிர்ப்பு ஒன்று.

ஒருவேளை சின்னவருக்குக் காய்ச்சல் இனிமேல்தான் வர இருந்ததோ? இருக்கலாம். பார்ப்பதற்காகச் சும்மா விட்டு வைக்க முடியாது. வீட்டில் ஒருவர் ரத்தத்தில் ஒட்டுண்ணியோடு மாடியில் படுத்தால் தொட்டிக் கொசுவுக்கு அதைவிட வசதி வேண்டுமா? அன்றே குளோரோகுயின் தொடங்கினேன். விடை தெரியும் வழி அதோடு அடைபட்டது. வருத்தமில்லை.

வைவாக்ஸ் சிவப்பணுவுக்குள் நுழையும் கதவு டஃபி என்னும் புரதம். அதுவும் ஒரு வகையில் நோயெதிர்ப்புக்காரன். அழற்சிச் செய்தி சுமக்கும் கீமோகைன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு சிவப்பணுவில் இந்தக் கதவே இல்லை; அதனால் வைவாக்ஸ் அவர்களிடம் பெரும்பாலும் நுழைவதில்லை என்று 1976இல் லூயிஸ் மில்லர் குழு காட்டியது. நம்மூரில் அனேகமாக எல்லோருக்கும் கதவு உண்டு. எனவே அந்தத் திசையில் தேடிப் பயனில்லை.

இரண்டு முடிவுகள்

பிரைமாகுயின் தொடங்குமுன் இருவருக்கும் ஜி6பிடி சோதனைக்கு அனுப்பினேன். சிவப்பணுவை ஆக்சிஜன் அரிப்பிலிருந்து காக்கும் நொதி அது. அது குறைந்தவர்கள் பிரைமாகுயினைத் தினமும் போட்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஒரு சொட்டு ரத்தத்தை வேதிப்பொருளோடு கலந்து தாளில் வைத்துப் புற ஊதா ஒளியில் பார்ப்பார்கள். நொதி இருந்தால் ஒளிரும்.

அண்ணனின் சொட்டு ஒளிர்ந்தது. தம்பியின் சொட்டு இருட்டாக இருந்தது. திரும்ப எடுத்தும் அதேதான்.

லேப் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு அக்டோபர். அன்று அண்ணனுக்குப் பதில் தம்பி வந்திருந்தால்? சோதிக்காமல் அதே சீட்டு, அதே பதினான்கு நாள், அதே ஒற்றை வரி எச்சரிக்கை. அவர் அண்ணனைப்போல ஐந்தாம் நாள் நிறுத்தக்கூடிய ஆள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

ஒருவேளை அம்மா கேட்டதற்குப் பாதிப் பதிலும் இந்தத் தாளில் இருந்தது. ஜி6பிடி குறைந்த சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி புகுந்தால் அந்த அணு சீக்கிரம் தளர்ந்துபோகும். மண்ணீரலும் விழுங்கணுக்களும் அதை முன்கூட்டியே அள்ளிக்கொண்டு போய்விடும். தாய்லாந்தில் மகிடோல் என்ற வகை ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டதில், அவர்கள் ரத்தத்தில் வைவாக்ஸ் எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஃபால்சிபாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. நாற்பது வட்டம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தோமே, அதோடு இது ஒத்துப்போகிறது. இவருக்கு எந்த வகைக் குறைபாடு என்று நாங்கள் பார்க்கவில்லை, ஒரு குடும்பத்தை வைத்து நிரூபணம் என்றும் சொல்ல மாட்டேன். எதிர்ப்பு மரபணுவைத் தேடிப் போனவளுக்குக் கிடைத்தது ரத்த அணுவின் மரபணு. ஆனால் அள்ளிக்கொண்டு போகிற வேலையைச் செய்வது அதே நோயெதிர்ப்புப் படைதான்.

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும். அம்மாவின் இரண்டில் ஒன்று பெரியவனுக்கு, மற்றது சின்னவனுக்கு. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“சொந்தத்துல கட்டுனதாலயா?”

“இல்லம்மா. உங்க பசங்க விஷயத்துல அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அதே குறைதான் அவனை மூணு தடவை நடுங்காம காப்பாத்தி இருக்கும்.”

சிகிச்சை

பெரியவருக்கு மறுபடி பதினான்கு நாள், இந்த முறை சாப்பாட்டுக்கு அப்புறம். அம்மா ஒரு உபாயம் செய்தார். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அடுத்த பதினான்கு தாளுக்கும் ஒவ்வொரு நாள் மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து வெட்டி குண்டூசியால் குத்திவைத்தார். ராகு காலம் பார்க்கத் தாளைக் கிழித்தால் மாத்திரை கையில் வரும். பதினைந்தாம் நாள் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் திரும்பினால் சிஒய்பி2டி6 என்ற கல்லீரல் நொதியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். பிரைமாகுயின் வேலை செய்ய அந்த நொதி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும், அது மந்தமாக உள்ளவர்களுக்கு முழு மாத்திரையும் வீணாகலாம் என்று 2013இல் தெரியவந்தது. ஆறு மாதம் ஆகிறது, இதுவரை தேவைப்படவில்லை.

சின்னவருக்குத் தினசரி பிரைமாகுயின் கூடாது. ஒரு நிபுணரிடம் பேசிவிட்டு, இப்படிப்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழியை எடுத்தோம்: கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், வாரம் ஒரே ஒரு வேளை, எட்டு வாரம், கண்காணிப்போடு. அறுபது கிலோ ஆளுக்கு 45 மில்லிகிராம். ஒவ்வொரு ஞாயிறும் கிளினிக்கில் என் எதிரில் போட்டுக்கொண்டார். சிறுநீரின் நிறத்தைத் தினமும் போனில் படம் எடுத்து அனுப்பினார். என் வாழ்நாளில் வாட்ஸ்ஆப்பில் வந்த விசித்திரமான ஆல்பம் அது. ஹீமோகுளோபின் 14இலிருந்து முதல் வாரக் கடைசியில் 12.8க்கு இறங்கியது, நாலாம் வாரம் 13.6க்கு வந்து நின்றது. நிறம் கறுக்கவில்லை.

இடையில் ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டு மாடிக்குப் போனேன். தெருக்குழாயில் அடிபம்பு, கீழே சம்ப், மேலே சிமெண்ட் தொட்டி. மூடியில் ஒரு மூலை உடைந்து கை நுழையும் அளவு ஓட்டை. டார்ச் அடித்தால் தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகக் கிடைகிடையாகப் புழுக்கள் மிதந்தன. சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இப்படிப் படுத்துக் கிடந்தால் அனோபிலஸ். சென்னையில் மலேரியாவைச் சுமக்கும் அனோபிலஸ் ஸ்டெபன்சிக்கு இந்தச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். 2012இல் இதே கொசு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் போய் இறங்கி, அங்குள்ள நகரங்களுக்கு இப்போது தலைவலி. சின்னவர் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து ஓட்டை மேல் போட்டு, பழைய சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிக் கட்டினார். மெக்கானிக் கட்டு, இன்னும் அவிழவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை. மகன்களுக்குத் தாய்மாமன் கல்யாணத்தால் ஒன்றுமில்லை என்று சொன்னது சரி. மகள்? அந்த அம்மாவுக்கு ஒரு மகளும் உண்டு, எட்டு மாதக் கர்ப்பம், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தார். மகளுக்கு அப்பாவின் எக்ஸும் வரும். அப்பா என்பவர் அம்மாவைப் பெற்ற தாயின் கூடப்பிறந்தவர். அவருக்கும் அதே குறை இருந்திருக்கலாம். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது, சோதிக்க வழியில்லை. பெண்களில் இந்தக் குறை பாதி அளவில் இருந்தால் சொட்டுச் சோதனை நழுவவிடும் என்பதால் நொதியின் அளவையே பார்க்கச் சொன்னேன். இடைப்பட்ட அளவு வந்தது. பிறப்பது பையனானால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறந்ததும் மஞ்சள்காமாலையைக் கவனமாகப் பார்க்கும்படி பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மருதாணி வைக்க வேண்டாம், குழந்தைத் துணியில் பாச்சா உருண்டை வேண்டாம், இரண்டுமே இப்படிப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தை உடைக்கும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் கிளினிக் திறக்குமுன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. மாமியார் காலத்து டிரங்குப் பெட்டியில் பேரப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை எல்லாம் கொட்டி, மூன்று முறை துவைத்து, வெயிலில் போட்டுவிட்டு வந்தாராம். பையைத் திறந்தார். கரைந்து பட்டாணி அளவுக்குச் சுருங்கிய வெள்ளை உருண்டைகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

“இத எங்க டாக்டரம்மா போடறது? குப்பையில போட்டா வேற யாராச்சும் கொழந்த எடுத்துடாதா?”